பன்னிரண்டாம் வாரம்

ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் பிள்ளைகள் இருவரும் நல்ல சுகம். உன் வயிற்று வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை வேளைக்குப் போடுகிறாயா, இல்லை ஆராய்ச்சிப் பண்ணையில் மருந்தெல்லாம் பயிருக்குத்தான் என்று சுற்றிக்கொண்டிருக்கிறாயா? உன்னை எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கிறேன்.

ஒரு அவசர விஷயம். கால்வாய் ஆபீசில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். மதகெல்லாம் பழுதாம். ஜூலை முப்பத்தொன்றோடு தண்ணீரை நிறுத்தினால் அடுத்த வருஷம்தான் திறப்பார்களாம். படித்துவிட்டு வந்ததிலிருந்து உன் அத்தான் சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறார்.

நம் நெல்லின் குணம் உனக்குத் தெரியுமே. ஏப்ரலில் விதைத்தாலும் ஜூனில் விதைத்தாலும் அக்டோபர் பிறந்து பகல் சுருங்கினால்தான் கதிர் தள்ளும். பிடிவாதத்தில் உன் அத்தானுக்கு அண்ணன். ஜூலையிலேயே தண்ணீர் போய்விட்டால், கதிர் தள்ளும்போது வயலில் வெடிப்புதான் இருக்கும். நமக்கு இருப்பது இந்த ஒரு போகம். வருஷம் முழுக்கச் சாப்பாடு அதில்தான்.

"ஒம் தம்பி இத்தன வருஷமா நெல்லோடதான குடித்தனம் நடத்துறான். பூக்குற நேரத்தப் பத்தித்தான படிச்சான்? அவன்கிட்ட ஒரு வார்த்த கேளேன்" என்று உன் அத்தான் நச்சரிக்கிறார். கேட்டுவிட்டேன். சீக்கிரம் பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். வயிறு பரவாயில்லை, மாத்திரை போடுகிறேன், சத்தியமாக. அத்தானுக்கு முதுகுப் பிடிப்பு விட்டதா?

அக்கா, நீ சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். பகல் எத்தனை மணி நேரம் என்பது நெற்செடிக்குத் தெரியும். இலைதான் அதை அளக்கிறது. பகல் சுருங்கியதும் இலையில் ஒரு மரபணு விழித்து, பூக்கச் சொல்லும் சேதியைத் தயார் செய்கிறது. அந்தச் சேதி தண்டு வழியாகக் குருத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், அதன் பிறகு புது இலை கிடையாது, கதிர்தான். பகல் நீளமாக இருக்கும்வரை இன்னொரு மரபணு அந்தச் சேதியைத் தலைதூக்க விடாமல் அமுக்கி வைத்திருக்கும். நம் வீட்டு நெல்லில் இந்த அமுக்குகிற மரபணு கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் அக்டோபர்.

என்னிடம் ஒரு புது ரகம் இருக்கிறது. அதில் அந்த மரபணு பழுது. நமக்கு அந்தப் பழுதுதான் வேண்டும். பகல் நீண்டாலும் சுருங்கினாலும் அறுபதாம் நாள் பூத்துவிடும், தொண்ணூறாம் நாள் அறுவடை. சோதித்தும் பார்த்துவிட்டேன். எங்கள் தொட்டிச் செடிகள் காலை ஏழு மணி முதல் வெயிலில் நிற்கும். மாலை ஐந்து மணிக்குத் தள்ளுவண்டியோடு தள்ளி இரண்டு அறைகளில் அடைப்போம். ஒன்று இருட்டறை. இன்னொன்றில் ஒன்பது மணி வரை விளக்கு எரியும், அதாவது கோடைப் பகல் போல. இரண்டு அறைச் செடியும் ஒரே சமயத்தில், அறுபதாம் நாள் பூத்தன.

இருபது கிலோ விதை லாரியில் அனுப்பியிருக்கிறேன். இன்னும் வெளியிடாத ரகம், வெளியே கொடுக்கக் கூடாது. யார் கேட்டாலும் என் பெயர் வாயில் வரக் கூடாது. மே முதல் தேதி விதைத்தால் ஜூலைக் கடைசியில் நெல் வீட்டுக்கு வந்துவிடும். பழைய நெல்லைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அத்தானை முழுச் சாப்பாடும் சாப்பிடச் சொல்.

உன் தம்பி

*

மே 27

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் அத்தானின் முதுகு மட்டும் நடவுக்குப் பிறகு வளைந்தது வளைந்தபடி நிற்கிறது. உனக்கு வயிறு எப்படி? பதில் எழுதும்போது அதையும் எழுது.

மே ஒன்றாம் தேதி விதை போட்டோம். நேற்று முன்தினம் நட்டு முடித்தோம். நாற்று அவ்வளவு அழகு! மூட்டையைப் பிரித்த அன்று உன் அத்தான் ஒரு பிடி அள்ளி, கண்ணருகே வைத்து, "இதுக்குள்ள என்ன பழுதுன்னு எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார். "உங்களுக்குள்ள இருக்கிற பழுதே எனக்குப் பத்து வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது" என்றேன். இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

விதைக்கென்று வைத்திருந்த பழைய நெல் இரண்டு மூட்டையையும் அரவைக்கு அனுப்பிவிட்டேன். அவருக்கு மனசே இல்லை. "ஒரு மூட்டையாவது இருக்கட்டும்டி" என்றார். "என் தம்பி யோசிக்கவே வேணாம்னு எழுதியிருக்கான், நீங்க என்ன பெரிசா யோசிக்கிறீங்க?" என்று நான்தான் வாயை அடைத்தேன். ஜூலை வரை சாப்பிட அது போதும். அதற்குப் பிறகு உன் நெல்.

பக்கத்து வயல்காரர்கள் எல்லோரும் உளுந்துக்குப் போய்விட்டார்கள். நாம் மட்டும்தான் நெல். எங்கள் வரப்பில் நின்று, கொஞ்சம் பொறாமையாகவே பார்க்கிறார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

உன் அக்கா

*

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

ஒரு சின்ன உதவி. ஞாயிற்றுக்கிழமைதோறும் வயலில் பத்துச் செடியைக் குறித்து வைத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை இலை என்று அத்தானை எண்ணி எழுதச் சொல். உயரமும் வேண்டும். வேறொரு செடியைப் பிடுங்கித் தண்டை நடுவில் பிளந்து, குருத்துக்குள் வெள்ளை நூல் போல ஏதாவது தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். அதுதான் கதிரின் ஆரம்பம். வாராவாரம் எனக்கு அனுப்புங்கள். தவறவே கூடாது.

இத்துடன் ஒரு படிவம் இருக்கிறது. அத்தான் கையெழுத்துப் போட்டு உங்கள் விவசாய அலுவலரிடம் கொடுத்தால் போதும், அவர் எனக்கு அனுப்பிவிடுவார். ஆபீஸ் சம்பிரதாயம், வேறொன்றுமில்லை. தேதி மட்டும் போட வேண்டாம். நான் போட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் உளுந்து விதை ஏதாவது கையிருப்பு உண்டா? சும்மாதான் கேட்டேன்.

உன் தம்பி

*

ஜூன் 22

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். நீ சுகமா? போன கடிதத்தில் உன் வயிற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. நாலு வரி எழுதுவதற்கு விரைவுத் தபாலா?

உன் அத்தான் விஞ்ஞானி ஆகிவிட்டார். இனி இந்த வீட்டில் அவரைப் பிடிக்க முடியாது. பெரியவளின் கணக்கு நோட்டைப் பறித்துக் கோடு போட்டு, செடிக்குச் சிவப்பு நூல் கட்டி, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பிவிடுகிறார். நான் இலையை எண்ணிச் சொன்னால் நம்புவதில்லை. "நீ வாய்க்கு வந்ததச் சொல்லுவ, இது மச்சானோட ஆராய்ச்சி" என்று மறுபடி அவரே எண்ணுகிறார். மூன்று வாரக் கணக்கை அவர் கையாலேயே எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். இலை எட்டு, ஒன்பது, பத்து. குருத்தில் நூலெதுவும் இல்லை. படிவம் கொடுத்தாயிற்று. ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

உளுந்து கேட்டிருந்தாயே, இருக்கிறது. ஒரு சிப்பம் நல்ல விதை. எதற்குக் கேட்டாய்? சும்மா கேட்கிற ஆளில்லையே நீ. இப்போது போட்டாலும் தண்ணீர் நிற்பதற்குள் தப்பித்துவிடும். வேண்டுமென்றால் சொல். பதில் போடு.

உன் அக்கா

*

ஜூலை 9

தம்பிக்கு,

இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. உனக்கு ஏதாவதா? என் கடிதத்துக்குப் பதிலே இல்லை. காயலாவில் படுத்திருக்கிறாயோ?

இன்றோடு அறுபத்தொன்பது நாள். பூ இல்லை. தண்டு உப்பிப் பொதிகூடக் கட்டவில்லை. வாராவாரம் தண்டைப் பிளந்து பார்க்கிறோம், உள்ளே பச்சைதான். இடுப்புயரத்துக்குக் கரும்பச்சையாக நிற்கிறது. மாடு வைத்திருக்கிற ஒருத்தர் நேற்று வரப்பில் நின்று, "எப்ப அறுக்கப் போறீங்க? எனக்கும் ரெண்டு கட்டு புல்லு வேணும்" என்றார். உன் அத்தான் சிரித்தார். அவர் சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. சண்டை போட்டிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "உழுது போட்டுட்டு உளுந்தாவது விதைக்கலாம். பாதி வந்தாலும் வாயில போட ஏதாவது இருக்கும்" என்றேன். "மச்சான் சொல்லாம ஏர் வைக்க மாட்டேன். அவன் ராத்திரி பகலா பாடுபட்ட வெத இது" என்கிறார். அதனால் உன்னைக் கேட்கிறேன். ஒரே ஒரு வார்த்தை எழுது. உழட்டுமா, வேண்டாமா? இந்த வாரம் சொன்னால் உண்டு.

அக்கா

*

ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாகவே இருக்கிறேன். வேலை அதிகம், அதுதான் பதில் போட முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

உழ வேண்டாம். புது மண்ணில் சில சமயம் கொஞ்சம் தாமதமாகும். பயிர் பச்சையாகத்தானே இருக்கிறது? பூக்கும். அதற்குள் உழுதுவிட்டால் இவ்வளவு நாள் பட்ட பாடெல்லாம் வீண். தண்ணீர் நின்றாலும் எப்படியாவது செடி காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு நிற்கக் கூடாது. அத்தானின் எழுத்து மிகத் தெளிவாக இருக்கிறது என்று சொல். இங்கே எங்கள் ஆட்கள்கூட இவ்வளவு ஒழுங்காக எண்ணுவதில்லை.

பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

*

ஆகஸ்ட் 10

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

கால்வாய் நின்று பத்து நாளாயிற்று. முதல் வாரம் ஈரம் இருந்தது. இப்போது மேட்டுப் பக்கம் இலை சுருள ஆரம்பித்துவிட்டது. உன் அத்தான் வயலின் தாழ்ந்த மூலையில் கிணறு தோண்டுகிறார். ஆள் வைக்கவில்லை, அவர் ஒருவர்தான். நான் மேலே நின்று கூடையை இழுக்கிறேன். ஒன்றரை ஆள் ஆழத்தில் ஈரமண் வந்துவிட்டது. இன்னும் நாலு முழம் போனால் ஊற்று என்கிறார். மண் ஒரே மணல், பிடிப்பே இல்லை. "பலகை அடிச்சுட்டு எறங்குங்க" என்றால், "பலகைக்கு ஆள் தேடுற நேரத்துல ரெண்டு முழம் தோண்டிடுவேன், பயிர் காத்துக்கிட்டு இருக்காதுடி" என்கிறார்.

உன் கடிதத்தில் அவர் எழுத்தைப் பாராட்டியிருந்தாய் அல்லவா, அதை மடித்து நோட்டுக்குள் வைத்திருக்கிறார். வருகிற போகிறவர்களிடமெல்லாம் காட்டியாகிவிட்டது. நேற்று ஞாயிறு. குழியிலிருந்து சேறோடு ஏறி வந்து, கையை மட்டும் கழுவிக்கொண்டு, முதலில் இலையை எண்ணினார். பதினேழு. குருத்தில் ஒன்றுமில்லை. அப்புறம்தான் தண்ணீர் கேட்டார்.

அரிசிப் பானை அடி தெரிகிறது. உன்னைக் குற்றம் சொல்லவில்லை. இருந்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை, தம்பி. நீ ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகக் கூடாதா? நீ வந்து உழு என்று சொன்னால் அவர் கேட்பார். குழியைவிட்டு ஏறுவார்.

உன் அக்கா

*

ஆகஸ்ட் 20

தம்பிக்கு,

நேற்று மத்தியானம் மண் சரிந்துவிட்டது. உன் அத்தான் உள்ளே இருந்தார். கூடைக் கயிறு என் கையில் இருந்தது. ஆட்கள் வந்து தோண்டி எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

வா.

அக்கா

*

செப்டம்பர் 3

அன்பான அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன் கடிதம் நாலு நாள் கழித்துத்தான் கையில் கிடைத்தது. கிளம்பியிருப்பேன். மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து பண்ணையின் பதிவேட்டையெல்லாம் பார்க்கிறார்கள். என்னை அசைய விடவில்லை. அத்தான் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. அவர் என்னை மச்சான் என்று கூப்பிட்டதில்லை அக்கா, அதட்டியதில்லை. தம்பி என்றுதான் தோளில் கை போடுவார். உன்னிடம் பேசும்போதுதான் மச்சான் என்பார் போலிருக்கிறது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். விளக்கறையில் ஒரு தவறு நடந்திருக்கிறது. விளக்கை ஏற்றி அணைக்கிற நேரக் கருவியைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். மாலையில் எரிய வேண்டிய விளக்கு, செடிகள் வெளியே வெயிலில் நிற்கும்போது காலி அறையில் எரிந்திருக்கிறது. ஐந்து மணிக்குச் செடியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியதும் அணைந்துவிடும், மறுநாள் காலை செடி வெளியே போகும் வரை எரியாது. பக்கத்து இருட்டறைக்குள் வெளிச்சம் போய்விடும் என்று ஐந்து மணிக்குப் பிறகு யாரும் அந்தக் கதவைத் திறப்பதே இல்லை. ஆகவே யாரும் பார்க்கவில்லை. இரண்டு அறைச் செடிக்கும் குறுகிய பகல்தான் கிடைத்திருக்கிறது. இந்த ரகத்தில் அமுக்குகிற மரபணு பழுதே இல்லை, அக்கா. நம் வீட்டு நெல்லைப் போல அதுவும் பகல் சுருங்கக் காத்திருக்கிற ரகம்தான். ஒப்பிட்டுப் பார்க்க நம் நெல்லில் ஒரு தொட்டியையும் அந்த விளக்கறையில் வைத்திருந்தால், அதுவும் பூத்திருக்கும், தவறு அப்போதே தெரிந்திருக்கும். நம் வீட்டு நெல்தானே, தெரியாததா என்று வைக்காமல் விட்டேன்.

இது எனக்குச் சமீபத்தில்தான் தெரிய வந்தது. முன்பே தெரிந்திருந்தால் எழுதாமல் இருப்பேனா?

பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். நீயும் சாப்பிடு.

உன் தம்பி

*

டிசம்பர் 14

தம்பிக்கு,

உன் செப்டம்பர்க் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. அதைப் படித்து அழுதேன். தவறு எல்லோருக்கும் வரும், கருவி தலைகீழாகப் போனதற்கு இவன் என்ன செய்வான், பாவம் தனியாகக் கிடந்து தவிப்பான் என்று அழுதேன். கொஞ்சம் தேறியதும் எழுதலாம் என்றிருந்தேன்.

போன வாரம் விவசாய அலுவலர் வீட்டுக்கு வந்தார். பாவம், நல்ல மனுஷன். கையில் ஒரு புத்தகம். "உங்க வயல் அச்சுல வந்திருக்கும்மா. ஐயா இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாரு" என்று கொடுத்தார். உங்கள் பண்ணையின் அரையாண்டு அறிக்கை. கூடவே உன் அத்தான் கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகலையும் கொடுத்தார். வீட்டில் நினைவுக்கு இருக்கட்டுமாம்.

வயலை ஆய்வுக்குக் கொடுக்கச் சம்மதம் என்கிற படிவம். அவர் கையெழுத்துப் போட்டது ஜூனில், அதில் தேதி ஏப்ரல் 17, நீ விதை அனுப்பிய சமயம். ஏழின் நடுவே குறுக்குக் கோடு. சின்ன வயதிலிருந்து நீ அப்படித்தான் ஏழு போடுவாய்.

அறிக்கையில் முப்பத்தொன்றாம் பக்கத்தில் இருப்பதை நீ எழுதியபடியே எழுதுகிறேன். "ஜூன் 3 நண்பகலில், கயிறு எடுக்க விளக்கறையைத் திறந்த பணியாளர், காலி அறையில் விளக்குகள் எரிவதைக் கண்டு ஆய்வாளரிடம் தெரிவித்தார். நேரக் கருவி தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தது உறுதியானது. முந்தைய முடிவுகள் அன்றே ரத்து செய்யப்பட்டன."

அன்றே.

நாலாம் தேதி நீ விரைவுத் தபால் போட்டாய். அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்து எதிரில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உளுந்து இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாய் பார், அந்த ஒரு வரியில் என் தம்பி இருக்கிறான். அடுத்த வரியில் சும்மாதான் கேட்டேன் என்று அவனை நீயே பிடித்து உள்ளே தள்ளிவிட்டாய்.

நான் படித்தவள் இல்லை. ஆனாலும் இவ்வளவு புரிகிறது. இருபது கிலோ விதை எங்கே என்று ஆபீசில் கேட்டிருப்பார்கள், அல்லது கேட்பார்கள் என்று பயந்திருப்பாய். ஆய்வுக்குக் கொடுத்தேன் என்று சொன்னால் தப்பிக்கலாம். ஆய்வு என்றால் படிவம் வேண்டும், கணக்கு வேண்டும். கணக்கு வர வேண்டுமானால் பயிர் நிற்க வேண்டும். உழட்டுமா என்று நான் ஜூலையில் கெஞ்சினேன். வேண்டாம் என்றாய். எப்படியாவது காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாய். எப்படியாவது என்றால் எப்படி என்று நீ யோசிக்கவில்லை. அவர் யோசித்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

ஜூன் மூன்றிலேயே ஒரு வரி எழுதியிருந்தால் உழுது உளுந்து போட்டிருப்போம். நீ என்னை ஏமாற்றிவிட்டாய் என்று நான் நாலு நாள் திட்டியிருப்பேன். உன் வேலை போயிருந்தால் இங்கே வந்து எங்களோடு இருந்திருப்பாய். அவர் உன்னை ஒரு சொல் சொல்லியிருப்பாரா? தோளில் கைதான் போட்டிருப்பார்.

சொந்தத் தம்பியடா நீ.

அறிக்கையில் ஒரு அட்டவணையும் போட்டிருக்கிறாய். "நீண்ட பகலில் பூக்கும் காலம்: ஒரு விவசாயி வயல்." அவர் எண்ணிய இலையெல்லாம் அதில் இருக்கிறது. எட்டு, ஒன்பது, பத்து என்று பதினொன்றாம் வாரம் வரை. ஒரு எண்கூடத் தப்பவில்லை. பன்னிரண்டாம் வாரத்திலிருந்து கட்டமெல்லாம் காலி. கீழே சின்ன எழுத்தில் "தரவு கிடைக்கவில்லை" என்று போட்டிருக்கிறாய். ஏன் கிடைக்கவில்லை என்று போடவில்லை.

தம்பி, கணக்கு இருக்கிறது. அவர் நோட்டில் மிச்சப் பக்கம் வெறுமையாக இருந்ததைப் பார்க்க முடியவில்லை. காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் எண்ணினேன். குழியை மூடிவிட்டார்கள். அந்த மூலையில் அவர் நூல் கட்டிய பத்தில் நாலு செடிதான் பிழைத்தது. அந்த நாலுக்கு மட்டும் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினேன். நீ கேட்டிருந்தால் அனுப்பியிருப்பேன். நீ கேட்கவே இல்லை. இப்போது அனுப்புகிறேன், எழுதிக்கொள்.

பன்னிரண்டாம் வாரம், ஆகஸ்ட் 23: அது மட்டும் உண்மையாகவே கிடைக்காது. அன்று வீடு நிறைய ஆட்கள்.

பதின்மூன்றாம் வாரம்: இலை பத்தொன்பது. குருத்தில் ஒன்றுமில்லை.

பதினான்காம் வாரம்: இலை பத்தொன்பது. ஒரு செடியின் பக்கத் தண்டைப் பிளந்தேன். வெள்ளை நூல் தெரிந்தது. அவரைக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன்.

பதினைந்து, பதினாறு: இலை இருபது. அதற்குமேல் இலை வரவில்லை.

பதினேழாம் வாரம்: பொதி.

பதினெட்டாம் வாரம், அக்டோபர் 4: பூத்தது. விதைத்து நூற்றைம்பத்தாறாம் நாள். நாலு செடியிலும் ஒரே காலையில். மணியெல்லாம் பதர். ஒன்றுகூடப் பால் பிடிக்கவில்லை.

இவ்வளவுதான். அட்டவணையில் கட்டம் காலியாக இருக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. கிணறு சரிந்தது என்று மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். பெரியவள் அந்த அறிக்கையில் அப்பா எண்ணிய கணக்கு இருக்கிறது என்று தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டும் இருக்கிறாள். நேற்று இருபத்தாறாம் பக்கத்தில் இருந்தாள். நாளுக்கு ஒரு பக்கம் என்று வைத்தால்கூட இந்தக் கடிதம் உன் கைக்கு வருகிற அன்று முப்பத்தொன்றுக்கு வந்துவிடுவாள். வந்ததும் என்னிடம்தான் கேட்பாள். உன் மாமாவைக் கேள் என்பேன்.

அவள் எழுதினால் பதில் போடு. எனக்கு வேண்டாம்.